ஜேப்படித் திருடனும் சைன் தீட்டாவும்

மழைக்காலம் வந்தால் போர்வையை மூடிக்கொண்டு ஆவி பிடிக்கிறோமே, சைனஸ். பஸ்ஸில் பர்ஸை உருவிக்கொண்டு அடுத்த ஸ்டாப்பில் சாதுவாக இறங்கிப் போகிறானே, ஜேப்படித் திருடன். பத்தாம் வகுப்பில் நம் நிம்மதியைக் குலைத்ததே, சைன் தீட்டா. இந்த மூவரும் சொந்தக்காரர்கள். ஒன்றுவிட்ட சொந்தம் என்று தள்ளிவிட முடியாது, பங்காளிகள்!

நம்பிக்கை வரவில்லையா? பரவாயில்லை, நம்பாமலே படியுங்கள். இந்தக் கதையில் வரும் பெரிய மனிதர்கள் பலரும் புரியாமலே எழுதியவர்கள்தான்.

கிரேக்கர்களிடமிருந்து ஆரம்பிப்போம். எதையும் அவர்களிடமிருந்து ஆரம்பித்தால்தான் கௌரவம். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் டாலமி என்று ஒரு மகான். சூரியன், சந்திரன், மற்ற கிரகங்கள் எல்லாம் பூமியைச் சுற்றுகின்றன என்று முடிவு கட்டி, அந்தத் தவறான முடிவை அபாரமான கணக்குகளால் நிரூபித்தவர். அதற்கு அவருக்கு ஓர் அட்டவணை தேவைப்பட்டது. வட்டத்தின் ஒரு துண்டை வெட்டினால், அதன் இரு முனைகளையும் இணைக்கிற நேர்கோட்டின் நீளம் என்ன? அரை டிகிரிக்கு ஒன்றாக, 180 டிகிரி வரைக்கும் 360 வரிகள் போட்டு வைத்தார். கால்குலேட்டர் கிடையாது, காப்பியும் கிடையாது. மனுஷன் எப்படித்தான் உட்கார்ந்தாரோ!

ஒரே ஒரு சிக்கல். வானியல் கணக்குகளில் பெரும்பாலும் தேவைப்படுவது அந்தக் கோட்டின் பாதிதான். ஆகவே ஒவ்வொரு தடவையும் கோணத்தை இரட்டிப்பாக்கி, அட்டவணையில் தேடி, வந்த விடையைப் பாதியாக்க வேண்டும். முழுத் தேங்காய் வாங்கி வந்து, உடைத்து, பாதியைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுக்கிற மாதிரி. ‘பாதியையே அட்டவணையாகப் போட்டுவிட்டால் என்ன’ என்று கேட்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை. பெரியவர் செய்தால் சரியாகத்தான் இருக்கும்!

அந்தக் கேள்வியைக் கேட்டது இந்தியா. கைதட்டத் தயாராகிவிட்டீர்கள், தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள். வட்டத்துக்குள் நாண் கட்டுகிற வித்தையே கிரேக்க ஜோதிடச் சரக்கோடு சேர்ந்து கப்பலேறி இங்கே வந்திருக்க வேண்டும் என்பது வரலாற்றாசிரியர்கள் பலருடைய கருத்து. நம் ஆட்கள் செய்தது அதைப் பாதியாக வெட்டியது. ஆனால் அந்த வெட்டுதான் மொத்தக் கணக்கையும் காப்பாற்றியது. இப்போது தாராளமாகக் கைதட்டலாம்.

வட்டத்தின் துண்டைப் பார்த்ததும் நம் முன்னோர்களுக்கு என்ன ஞாபகம் வந்திருக்கிறது பாருங்கள். வில்! வளைந்த பகுதிக்குச் சாபம் என்று பெயர் வைத்தார்கள். சமஸ்கிருதத்தில் வில்லுக்கு அதுவும் ஒரு பெயர். மாணவர்கள் வேறு அர்த்தத்தில் எடுத்துக்கொண்டால் நான் பொறுப்பில்லை. நேர்கோடு, வில்லின் நாண்: அதாவது ஜ்யா, அல்லது ஜீவா. நாணின் நடுவிலிருந்து வளைவை நோக்கிப் போகிற குட்டிக் கோடு சரம், அம்பு. வில், நாண், அம்பு என்று மொத்தச் சண்டைக் காட்சியும் ஜியோமெட்ரிக்குள் வந்துவிட்டது. அதில் பாதி நாணுக்கு அர்த்த ஜ்யா என்று பெயர்.

‘அர்த்த’ என்பதைத் தினமும் சொல்ல யாருக்குப் பொறுமை? வெட்டிவிட்டு வெறும் ஜ்யா என்றார்கள். முழு நாணின் பெயர் பாதி நாணுக்குப் போய்ச் சேர்ந்தது. பின்னால் வரப்போகிற அத்தனை குழப்பங்களுக்கும் பிள்ளையார் சுழி போட்டவர்கள் நாம்தான்.

இந்தக் கோஷ்டியில், தன் தேதியைத் தானே எழுதி வைத்த புண்ணியவான் ஆர்யபட்டர். கலியுகம் பிறந்து அறுபது தடவை அறுபது வருஷங்கள் கடந்தபோது எனக்கு வயது 23 என்று நூலிலேயே சொல்லிவிட்டார். கணக்குப் போட்டால் கி.பி. 499. இருபத்துமூன்று! நம் பையன்கள் அரியர் பேப்பரை எண்ணிக்கொண்டிருக்கிற வயசு. வயதைச் சொன்னது ஆராய்ச்சியாளர்களுக்கு உதவட்டும் என்றா, ‘இந்தச் சின்ன வயசிலேயே பார்த்தீர்களா’ என்றா? இரண்டாவது என்றுதான் எனக்குப் படுகிறது. அந்த வயசில் அதுகூட இல்லாவிட்டால் எப்படி?

கால் வட்டத்தை 24 துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் அரை நாண் எவ்வளவு வளர்கிறது என்று கணக்கிட்டார். 225, 224, 222, 219 என்று ஆரம்பித்துப் படிப்படியாகக் குறைந்து, கடைசியில் 22, 7 என்று முடியும். எல்லாவற்றையும் கூட்டினால் 3438. அதுதான் அவர் வட்டத்தின் ஆரம். இத்தனை எண்களையும் ஒரே ஒரு செய்யுளில் அடைத்தார் என்பதுதான் வேடிக்கை. எண்ணுக்குப் பதில் எழுத்து என்று தானே ஒரு சங்கேத மொழி கண்டுபிடித்துக்கொண்டார். அந்தச் செய்யுளை வாய்விட்டுப் படித்தால் பக்கத்தில் இருப்பவர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார். உலகத்தில் அர்த்தமே இல்லாமல் ஒலிக்கிற கவிதைகளில் கிரகணத்தைக் கணிக்க உதவியது அநேகமாக இது ஒன்றுதான்.

பெரிய மனிதர் உருவானால் அவரைத் திட்டுவதற்கு ஒருவர் உருவாக வேண்டும் அல்லவா? வந்தார் பிரம்மகுப்தர். 628-ல், முப்பது வயதில், ஒரு பெரிய நூல் எழுதினார். அதில் ஆர்யபட்டரின் குறைகளைப் பட்டியல் போடுவதற்கென்றே நிறைய இடம் ஒதுக்கினார். பூமி தன்னைத்தானே சுற்றுகிறது என்று ஆர்யபட்டர் சொன்னாரே, அதையும் விடவில்லை. சுற்றினால் உயரமான பொருள்களெல்லாம் ஏன் கீழே விழவில்லை என்று மடக்கினார். வருஷங்கள் ஓடின. 665-ல், 67 வயதில், தினசரிக் கணக்குக்கு உதவும்படி ஒரு கைப்புத்தகம் எழுத உட்கார்ந்தார். யாருடைய முறையை வைத்து? ஆர்யபட்டருடையதை வைத்து! ஜனங்கள் அதைத்தான் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள், என்ன செய்வது? மார்க்கெட் என்று வந்துவிட்டால் கொள்கை கொஞ்சம் வளையும், வில் மாதிரியே.

காட்சி மாறுகிறது. பாக்தாத்.

பாக்தாத் நகரத்துக்கு அஸ்திவாரம் போட்ட கலீஃபா அல்-மன்சூர் முதலில் கூப்பிட்டது கொத்தனாரை அல்ல, ஜோதிடர்களை. நவ்பக்த், மாஷாஅல்லாஹ் என்று இரண்டு நிபுணர்கள் உட்கார்ந்து குறித்துக் கொடுத்த நல்ல நேரத்தில், 762 ஜூலை 30-ல் வேலை ஆரம்பித்தது. நல்ல நேரம் வேண்டுமானால் கிரகம் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். கிரகம் தெரிய வேண்டுமானால் அட்டவணை வேண்டும். மனித குலம் முக்கோணவியல் கற்றதற்குப் பின்னால் அறிவுத் தாகம் எல்லாம் இருக்கட்டும், கிரகப்பிரவேசத்துக்கு நாள் பார்க்கிற ஆசையும் சம பங்கு இருக்கிறது.

770-களில் சிந்துப் பக்கத்திலிருந்து வந்த தூதுக்குழுவோடு ஓர் இந்திய வானியல் அறிஞரும் கையில் நூலோடு வந்து சேர்ந்தார். அல்-ஃபஸாரி போன்றவர்கள் அதை அரபிக்குக் கொண்டுவந்தார்கள். சித்தாந்தம் என்பது ‘சிந்த்ஹிந்த்’ ஆயிற்று. காதில் விழுந்ததை எழுதிக்கொண்டார்கள், பாவம். அம்பு வந்த இடத்தில் மட்டும் சரியாக அர்த்தம் கேட்டு, அரபியில் அம்புக்கு உள்ள ‘ஸஹ்ம்’ என்ற சொல்லைப் போட்டார்கள். ஜீவா வந்த இடத்தில் என்ன ஆயிற்றோ, நாண் என்று மொழிபெயர்க்காமல், ஒலியை அப்படியே தூக்கி ‘ஜீபா’ என்று எழுதிவிட்டார்கள். அரபியில் வ என்ற ஒலிக்கு இங்கே ப வந்து உட்கார்ந்தது. அம்புக்கு அர்த்தம் உண்டு, நாணுக்கு அர்த்தம் இல்லை. நாண் இல்லாத வில்லில் அம்பை எப்படி விடுவது என்று யாரும் கேட்கவில்லை.

அரபி எழுத்தில் ஒரு சௌகரியம் உண்டு. குறில் உயிரொலிகளைப் பெரும்பாலும் எழுதவே மாட்டார்கள். எலும்புக்கூட்டை எழுதிவிட்டால் போதும், சதையைப் படிக்கிறவர் போட்டுக்கொள்வார். ஜீபா என்ற சொல்லும் ஜ-ய-ப என்று மூன்று எழுத்து எலும்புக்கூடாக நின்றது. அதைப் பார்க்கிற எந்த அரபிக்கும் உடனே ஞாபகம் வருவது, அர்த்தமே இல்லாத ஜீபாவா, நன்றாகத் தெரிந்த ‘ஜைப்’பா? ஜைப் என்றால் சட்டையின் கழுத்துத் திறப்பு, நெஞ்சுப் பக்கத்துத் துணி மடிப்பு. அந்த மடிப்பில் காசு வைத்துக்கொள்கிற வழக்கம் இருந்ததால், பின்னாளில் பாக்கெட்டுக்கும் அதுவே பெயராயிற்று.

அந்த ஜைப்தான் பாரசீகம், உருது வழியாக நடந்து நம் ஊருக்கு ‘ஜேபி’யாக வந்தது. அந்தக் காலத்துத் தொடர்கதைகளில் கதாநாயகர்கள் ஜேபியில் கைவிட்டபடிதான் யோசிப்பார்கள். ஜேபியில் அடித்தவன் ஜேப்படித் திருடன். கணக்கு வாத்தியாரும் போலீஸ்காரரும் ஒரே சொல்லைத்தான் இத்தனை நாளாகத் துரத்திக்கொண்டிருக்கிறார்கள்!

அடுத்து ஸ்பெயின். 1085-ல் தொலேதோ நகரம் கிறிஸ்தவ மன்னர் ஆறாம் அல்ஃபோன்சோவின் கைக்கு வந்தது. கூடவே அரபி நூல்களும் வந்தன. விஷயம் தெரிந்ததும் ஐரோப்பாவின் அறிவுப் பசிக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அதில் முக்கியமானவர் இத்தாலியின் கிரெமோனாவைச் சேர்ந்த ஜெரார்டு. டாலமியின் பெரிய நூல் லத்தீனில் கிடைக்கவில்லை, அரபியில் இருக்கிறதாம் என்று கேள்விப்பட்டு வந்தவர். ஒரு புத்தகம் தேடி வந்தவர் திரும்பிப் போகவில்லை. 1187-ல் சாகும்வரை எழுபதுக்கும் மேற்பட்ட நூல்களை லத்தீனாக்கித் தள்ளினார். எதிலும் தன் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை. அவருடைய சிஷ்யர்கள்தான் வேறு யாராவது உரிமை கொண்டாடிவிடப் போகிறார்கள் என்று கவலைப்பட்டுப் பின்னால் ஒரு பட்டியல் எழுதி வைத்தார்கள். இந்தக் கதையிலேயே விளம்பர ஆசை இல்லாத ஒரே மனிதர். அவர் தலையில்தான் பழி விழுந்தது.

இவர்கள் வேலை செய்த விதமும் சுவாரஸ்யம். டாலமி நூலை ஜெரார்டு தனியாக மொழிபெயர்க்கவில்லை. காலிப் என்ற உள்ளூர்க்காரர் அரபியைப் பார்த்துப் பேச்சு ஸ்பானிஷில் சொல்லச் சொல்ல, இவர் அதை லத்தீனில் எழுதினார். கிரேக்கத்தில் பிறந்து, அரபிக்குப் போய், ஸ்பானிஷில் வாயால் சொல்லப்பட்டு, லத்தீனில் காகிதத்துக்கு வந்தது. டப்பிங் படத்தை டப்பிங் செய்து, அதையும் டப்பிங் செய்த மாதிரி. உதடு அசைவு ஒட்டவில்லை என்று குறை சொல்வது நியாயமா?

இந்தப் பட்டறைகளில்தான் ஜைப் என்ற சொல் லத்தீனை எதிர்கொண்டது. செய்தவர் ஜெரார்டு என்று ஒரு கட்சி, சக மொழிபெயர்ப்பாளர் செஸ்டர் ராபர்ட் என்று இன்னொரு கட்சி. யாராயிருந்தாலும் மனுஷர் அகராதியைப் புரட்டாமல் எழுதவில்லை. ஜைப் என்றால் நெஞ்சுத் துணி மடிப்பு. லத்தீனில் அதற்கு ‘சைனஸ்’. ரோமானியர்கள் டோகா என்ற மேலாடையைச் சுற்றிக்கொள்ளும்போது முன்பக்கம் விழுகிற மடிப்பு அது. அதிலும் காசு, கடிதம் எல்லாம் செருகிக்கொள்வார்கள். ஆக, மொழிபெயர்ப்பு நூற்றுக்கு நூறு. மொழிபெயர்க்க எடுத்துக்கொண்ட சொல்தான் பூஜ்யம்.

நம் மொழியில் இதற்குச் சரியான சொல் இருக்கிறது: மடி. வேட்டி மடியில் காசு முடிகிறோமே, அதே மடி. குழந்தையைப் போட்டுத் தாலாட்டுவதும் அதே மடி. சைனஸ் என்ற லத்தீன் சொல்லுக்கும் இரண்டு வேலையும் உண்டு. கணக்கு வாத்தியார்கள் சிலர் கடைசி பெஞ்சை எழுப்பி உட்காரவைக்க ‘சைன் என்றால் மார்பு என்று அர்த்தம்’ என்று குறும்பாகச் சொல்வார்கள். அதில் பொய் இல்லை. ஆனால் வேட்டி மடி என்று சொன்னால் கடைசி பெஞ்ச் திரும்பவும் தூங்கிவிடும்.

லத்தீனில் அந்தச் சொல்லுக்கு இன்னும் ஓர் அர்த்தம் வளைகுடா. நிலாவில் ரிச்சோலி என்ற பாதிரியார் 1651-ல் ஒரு கருத்த பள்ளத்துக்கு ‘வானவில் வளைகுடா’ என்று சைனஸை வைத்துப் பெயர் சூட்டினார். சொட்டுத் தண்ணீர் கிடையாது அங்கே. மருத்துவர்கள் எலும்புக்குள் இருக்கிற வெற்றிடங்களுக்கு அதே பெயரை வைத்தார்கள். அங்கேதான் தண்ணீருக்குப் பஞ்சமே இல்லை.

இந்த இடத்தில் ஐரோப்பியர்களைப் பார்த்துச் சிரிப்பது வழக்கம். ‘நம்ம ஜீவாவைப் பாக்கெட்டாக்கிட்டான் பாருய்யா!’ நானும் சிரிக்கலாம்தான், ஆனால் அரபி மாணவனைப் பார்த்துவிட்டுச் சிரிக்க வேண்டும். இன்றைக்கும் அரபுப் பள்ளிக்கூடங்களில் சைனுக்குப் பெயர் ஜைப்தான். பாக்கெட்டுக்கும் அதுதான். மூக்கடைப்பு என்று டாக்டரிடம் போனால், மூக்கின் ஜைப்கள் வீங்கியிருக்கின்றன என்பார். ஆக, எலும்புக்கூட்டுக்குத் தப்பான சதை போட்டது சொந்த வீட்டுக்காரர்களே. விருந்தாளி, இலையில் இருந்ததைத்தான் சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

சைனுக்கு நேர்ந்தது அதன் தம்பிகளுக்கு நேரவில்லை. டான்ஜென்ட் என்ற பெயரை 1583-ல் தாமஸ் ஃபிங்கே என்ற டென்மார்க் இளைஞர் வைத்தார். ‘தொடுகிற கோடு’ என்று லத்தீனில் நேரான அர்த்தம், குழப்பமே இல்லை. அப்போது அவருக்கு வயது 22. கோணக் கணக்குக்கும் இந்த வயசுக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது. பிறகு தொண்ணூறு தாண்டி வாழ்ந்தார். ஒரு நல்ல பெயர் வைத்துவிட்டால் மனசு எவ்வளவு லேசாகிறது பாருங்கள்.

கோசைன் கதைதான் நம் வாட்ஸப் குடும்பங்களுக்குப் பிடிக்கும். ஆர்யபட்டர் வழியினர் அதைக் ‘கோடிஜ்யா’ என்றார்கள். கோடி என்றால் வில்லின் நுனி. அங்கே கோ, இங்கே கோ! உடனே ‘ஆங்கிலேயன் திருடிவிட்டான், ஷேர் செய்யவும்’ என்று ஒரு ஃபார்வர்டு கிளம்பும். அந்த ஆங்கிலேயன் எட்மண்ட் கன்டர். 1620-ல் அவர் அச்சிட்ட அட்டவணையில் ‘கோ’ என்று போட்டது, செங்கோணத்தை நிரப்புகிற மிச்சக் கோணம் என்பதற்கான லத்தீன் சொல்லைச் சுருக்கி. கோடி அவருக்குத் தெரியாது. இரண்டு கோவும் தற்செயலாகச் சந்தித்துக்கொண்டன. முழுப்பெயரைச் சொல்ல அலுத்துக்கொள்கிற வியாதி மட்டும் இரண்டு ஊருக்கும் பொது.

கன்டரைப் பற்றி ஒரு வம்பு உண்டு. ஆப்ரி என்ற பிரசித்தி பெற்ற வம்பளப்பாளர் எழுதி வைத்திருக்கிறார். 1619 வாக்கில் ஆக்ஸ்ஃபோர்டில் சர் ஹென்றி சாவில் தன் சொந்தச் செலவில் ஜியோமெட்ரிக்கு ஒரு பேராசிரியர் பதவி ஏற்படுத்தினார். இன்டர்வியூவுக்குக் கன்டர் தான் செய்த கருவிகளை எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு போய், மேசைமேல் பரப்பி, முக்கோணங்களைப் பட் பட்டென்று தீர்த்துக் காட்டினார். சாவிலுக்கு முகம் சுருங்கிவிட்டது. இது ஜியோமெட்ரியா, வித்தை காட்டுகிறாயா என்று விரட்டிவிட்டு, ஹென்றி பிரிக்ஸுக்கு வேலை கொடுத்தார். சுத்தக் கணிதம் கைக்கருவியைத் தொட்டால் தீட்டு என்கிற மடி ஆசாரம் அந்த ஊரிலும் உண்டு.

வித்தைக்காரர் சும்மா இருக்கவில்லை. நிலம் அளக்க 66 அடி நீளத்தில், நூறு வளையங்கள் கோத்து ஒரு சங்கிலி செய்தார். அதுதான் ‘செயின்’ என்று சர்வேயர்களோடு சேர்ந்து நம் வயல்வரப்பு வரைக்கும் வந்தது. அதே 66 அடிதான், அதாவது 22 கஜம்தான், கிரிக்கெட் பிட்ச்சின் நீளமும். சாவிலின் பேராசிரியர் பதவி ஆக்ஸ்ஃபோர்டில் இன்னமும் இருக்கிறது, மரியாதையாக. கன்டரின் 22 கஜத்துக்கு டிக்கெட் கிடைக்கத்தான் சேப்பாக்கத்தில் கியூ நிற்கிறது.

இத்தனை ஊர் சுற்றிவிட்டு அந்தச் சொல் நம் பாடப்புத்தகத்துக்கும் வந்து சேர்ந்தது. வட்டம் பற்றிய பாடத்தில் தமிழில் ‘நாண்’ என்று அழகாகப் போட்டிருக்கிறார்கள். வளைவுக்கு ‘வில்’ என்று பெயர். ஆர்யபட்டர் வந்தால் உடனே உட்கார்ந்து படிக்க ஆரம்பித்துவிடுவார். முக்கோணவியல் பாடத்தைப் புரட்டினால் அங்கே ‘சைன்’. பாதி நாண்தான் அது. பாக்தாதில் அர்த்தத்தைத் தொலைத்து, தொலேதோவில் புதுச் சட்டை மாட்டி, இங்கிலாந்தில் வால் நறுக்கிக்கொண்டு வந்த அதே நாண். ஒரே நாணுக்கு இரண்டு பாடம், இரண்டுக்கும் தனித்தனிக் கேள்வி, தனித்தனி மார்க். ஒன்றை எழுதியவன் இன்னொன்றையும் எழுதிவிட்டதாகச் சொல்லி மார்க் கேட்டால் கொடுப்பார்களா என்று தெரிந்த வாத்தியார் ஒருவரிடம் விசாரித்தேன். ஸ்டெப்ஸ் போட்டிருக்க வேண்டுமாம்.